விடு கண்ணு

கரக்பூர்
9 ஜூன் 2025

அன்புள்ள வள்ளிக்கண்ணு,

என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். வாட்ஸ்அப்பிலும் அதே கதை. தபால்காரரை பிளாக் பண்ண இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை, அதனால் இந்தக் கடிதம். கிழிக்கத்தான் போகிறாய் என்றால் படித்துவிட்டுக் கிழி. ஸ்டாம்பு காசாவது வீணாகாமல் இருக்கட்டும்.

விஷயம் இதுதான். போன வாரம் அழகிரி சார் போன் பண்ணினார். பள்ளிக்கூட டீமிலிருந்து நம் இரண்டு பேரையும் மாவட்ட டீமுக்கு இழுத்துக்கொண்டு போன அதே சார், இப்போது கால்பந்து சங்கத்துக்குச் செயலாளர். ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை அண்ணா ஸ்டேடியத்தில் உனக்குப் பாராட்டு விழா வைக்கிறார்களாம். பழைய ஆட்டக்காரிகள் ஒரு பக்கம், இப்போதைய மாவட்டப் பெண்கள் ஒரு பக்கம் என்று ஒரு காட்சிப் போட்டி. கூடவே ஒரு விழா மலர். அந்த மலரில் உன்னைப் பற்றிய கட்டுரையை நான் எழுத வேண்டுமாம். "இந்தியா டீம்ல அவளுக்குப் பின்னாடி நின்ன கோல்கீப்பர் நீ. உன்னை விட்டா வேற யாரு எழுதுவா?" என்றார். நியாயம்தான். மற்றவர்களுக்கு உன் முகம் தெரியும். எனக்கு உன் முதுகு மனப்பாடம்.

சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் என்ன வேலைக்குத் தலையாட்டினோம் என்று உறைத்தது.

"அந்தக் கொழும்பு மேட்சை மட்டும் தொடாதம்மா, நல்ல நாள்ல எதுக்கு" என்று சார் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. ஊரில் உன் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு அந்த ஒரு கோல்தான் ஞாபகம் வருகிறது. இலங்கையோடு அரையிறுதி, ஆட்டம் முடிகிற நேரம், ஓரத்திலிருந்து கிராஸ் வருகிறது. நீ தலையால் அடித்து வெளியே தள்ள வேண்டிய பந்து. நீ குனிந்துவிட்டாய். பந்து உன் தலைக்கு மேலே போய் அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் காலில் விழுந்தது. அவ்வளவுதான், கோல். நான் 'விடு' என்று கத்தியதால்தான் விட்டேன் என்று நீ சொன்னாய். நான் கத்தவே இல்லை என்று நான் சொன்னேன். அதோடு உன்னை இந்தியா டீமிலிருந்து எடுத்தார்கள். அதோடு நீ என்னோடு பேசுவதை நிறுத்தினாய். பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அதை எழுதாமல் விட்டால் ஜனங்கள் அதைத்தான் தேடுவார்கள். அதனால் கேட்கிறேன், அந்த நிமிஷத்தைப் பற்றி என்ன எழுதலாம் என்று நீயே சொல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காட்சிப் போட்டியில் உன் பக்கத்துக்கு கோல்கீப்பர் நான்தானாம். என் முழங்கால் மாடிப்படிக்கே ஒத்துக்கொள்வதில்லை. இருந்தாலும் வருகிறேன் என்றேன்.

பாலக்கரையில் அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் சகாயமாதா கோவிலில் உன் பேருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். உனக்குத் தெரிந்தால் அதையும் ஊதி அணைத்திருப்பாய் என்று இத்தனை நாள் சொல்லவில்லை.

உன்,
லூர்து


ஸ்ரீரங்கம்
20.6.2025

திருமதி லூர்துராணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

பாராட்டு விழாவை நான் கேட்கவில்லை. அழகிரி சார் வீட்டுக்கு வந்து, என் கணவர் நவநீதன் போட்ட காபியைக் குடித்துவிட்டு, என் வாயால் சரி என்று வாங்கிக்கொண்டு போனார். கோல்கீப்பர் நீங்கள்தான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காபி கிடைத்திருக்காது.

என்னைப் புகழ்ந்து எழுத வேண்டாம். நான் இப்போது திருவானைக்காவலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். காலையில் டிரில் எடுக்கிறேன், சாயங்காலம் பந்துகளைக் கணக்குப் பார்த்து அறையில் பூட்டுகிறேன். நான் இந்தியாவுக்கு ஆடினேன் என்பதை என் மாணவிகளே பாதிதான் நம்புகிறார்கள்.

கொழும்பைப் பற்றி எழுதுவதாக இருந்தால் ஒரே ஒரு வரி எழுதுங்கள். 'நான் விடச் சொன்னேன், அதனால் அவள் விட்டாள்.' அந்த வரி அச்சில் வந்தால் நான் ஸ்டேடியத்துக்கு வருவேன். இல்லையென்றால் நான் இல்லாமலே விழாவை நடத்திக்கொள்ளுங்கள், மாலையை கோல் போஸ்ட்டுக்குப் போடுங்கள்.

எங்கப்பா அந்த வரியைப் படிக்காமலே போய்விட்டார். அவர் புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாவட்ட டீமில் இருந்த எல்லாரும் வந்து பார்த்தார்கள். நீங்கள் வரவில்லை.

இப்படிக்கு,
ந. வள்ளிக்கண்ணு


கரக்பூர்
28 ஜூன் 2025

கண்ணு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். 'திருமதி' வேறு. கேம்ப்பில் தண்ணீர் வராத நாளில் ஒரே பக்கெட்டில் இரண்டு பேரும் தலைக்குக் குளித்தவர்கள் நாம். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கட்டுரையில் இதுவரை எழுதியதைக் கீழே தருகிறேன். புகழ வேண்டாம் என்றாய். நடந்ததை எழுதினாலே புகழ்ச்சி மாதிரி ஆகிவிடுகிறது, நான் என்ன செய்ய?

'அரியமங்கலம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு காலி மனை. வெல்டர் வீரமலை தன் மகளுக்காகப் பழைய தண்ணீர்க் குழாய்களை ஒட்டி அங்கே ஒரு கோல் போஸ்ட் நிறுத்தினார். பந்து பட்டால் டங் என்று அடுத்த தெரு வரைக்கும் கேட்கும், உடனே யாராவது சண்டைக்கு வருவார்கள். சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மகளுக்கு வந்தது. வள்ளிக்கண்ணு தடுப்பாட்டக்காரி ஆனது அப்படித்தான்.

'கோலுக்கு முன்னால் நிற்கிற ஸ்டாப்பர் என்றால் ஆள் உயரமாக இருக்க வேண்டும் என்பார்கள். இவள் என் காது வரைக்கும்தான் வருவாள். ஆனால் ஹெடரில் இவளை ஜெயித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மற்றவர்கள் பந்து பக்கத்தில் வந்த பிறகு எம்புவார்கள். இவள் அதற்கு முன்பே எம்பி, மேலே போய்ப் பந்துக்காகக் காத்திருப்பாள். எதிராளியின் காலை இவள் பார்ப்பதே இல்லை. "கால் பொய் சொல்லும்டி, இடுப்பு பொய் சொல்லாது" என்பாள்.

'உஸ்பெகிஸ்தானோடு ஆடும்போது மூக்கு உடைந்தது. பஞ்சை அடைத்துக்கொண்டு மிச்ச ஆட்டத்தை ஆடினாள். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "நல்லதாப் போச்சு, அவங்க வேர்வை நாத்தம் தெரியல" என்றாள். ஜோர்டானில் இவளைவிட ஒரு முழம் உயரமான ஃபார்வர்டை ஆட்டம் முழுக்க நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு, "பாத்துப் போம்மா, சாப்டியா, ஏன் இவ்ளோ அவசரம்" என்று தமிழில் பேசிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் பாதி ஆட்டம் பந்தை விட்டுவிட்டு இவள் வாயைத்தான் பார்த்தாள். முடிந்ததும் தானாக வந்து ஜெர்சியைக் கழற்றி இவளுக்குக் கொடுத்தாள். அந்த ஜெர்சியில் இப்போது நவநீதன் பட்டறையில் கை துடைக்கிறார் என்று கேள்வி.

'தமிழில் கத்துவது இவள் கண்டுபிடித்த தந்திரம். "லீவ்", "கீப்பர்" என்று இங்கிலீஷில் கத்தினால் எதிராளிக்கும் புரியும். அதனால் பந்தை நான் பிடிக்கப் போகிறேன் என்றால் "விடு கண்ணு" என்று கத்துவேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்குவாள். எங்கள் மணிப்பூர் ரைட் பேக், அது ஏதோ கால்பந்துச் சொல் என்று நினைத்து, ஊரில் போய்ச் சின்னப் பெண்களுக்கெல்லாம் "விடுகண்ணு" சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.'

இது வரைக்கும் எழுதியாயிற்று. நீ கேட்ட வரியை மட்டும் எழுத முடியவில்லை, கண்ணு. நான் கத்தவில்லை. உன்னைச் சந்தோஷப்படுத்த ஒரு பொய் எழுதலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எழுதினால் அது பொய் என்று எனக்குத் தெரியும், கொஞ்ச நாளில் உனக்கும் தெரிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு உன்னால் நிம்மதியாக இருக்க முடியாது.

புத்தூருக்கு வந்தேன். நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். நவநீதன் அண்ணனைக் கேள்.

லூர்து


ஸ்ரீரங்கம்
8.7.2025

லூர்துராணிக்கு,

நவநீதனைக் கேட்டேன். "ஆமா, வந்துச்சு. சொல்ல வேணாம்னுச்சு, சொல்லல" என்கிறார். ரெண்டு நாள் அவருக்குச் சோறு போட்டேன், பேச்சுக் கொடுக்கவில்லை. நீ வாங்கி வந்த பன்னை அப்பா உன் கையால் பிய்த்துத் தரச் சொல்லிச் சாப்பிட்டாராமே. அதற்கப்புறம் என்னோடு எவ்வளவோ பேசினார், இதை மட்டும் அவரும் சொல்லவில்லை. என் வீட்டிலேயே எல்லாரும் உன் கட்சி.

உன் கட்டுரையைப் படித்தேன். ஜெர்சி பட்டறையில் இல்லை, பீரோவில் இருக்கிறது. திருத்திவிடு.

கத்தவில்லை என்று திரும்பவும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் வந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். 'நீங்கள்' எல்லாம் இனிமேல் கிடையாது, அதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

நான் சொல்கிறேன், கேள். பந்து வலது ஓரத்திலிருந்து வருகிறது. எனக்குச் சுலபமான பந்து, தூக்கத்தில்கூட அடிப்பேன். எம்புவதற்குக் காலை மடக்கிவிட்டேன். பின்னாலிருந்து 'விடடி' என்று நீ கத்தினாய். தெளிவாகக் கேட்டது. பேண்டு வாத்தியக்காரர்கள் அந்த ஓரத்தில் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருந்தார்கள், அதையும் மீறிக் கேட்டது. விடடி. குனிந்தேன். அடுத்து எனக்குக் கேட்டது அவர்கள் ஆட்டக்காரிகள் கத்திய சத்தம். திரும்பிப் பார்த்தால் நீ கோட்டிலேயே நின்றுகொண்டு என்னை முறைக்கிறாய், நான் ஏதோ உனக்குத் துரோகம் பண்ணிவிட்ட மாதிரி.

கோச் கூப்பிட்டுக் கேட்டபோது "நோ சார்" என்றாய். ரெண்டே வார்த்தை. என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட ஏதாவது பேசியிருப்பேன். மறுநாள் ஊர்ப் பேப்பரில் 'பந்தை விட்டார், கோப்பையைக் கோட்டை விட்டார்' என்று போட்டார்கள். அரியமங்கலம் டீக்கடையில் அதை எவனோ சத்தமாகப் படித்தான் என்று அப்பா அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அதற்கப்புறம் அவர் அந்தக் கடைக்கே போகவில்லை. டீ இல்லாமல் இருக்க முடியாத மனுஷன்.

கொழும்புக்குப் பிறகு நான் கிளப்புக்கும் மாநிலத்துக்கும் ஆடினேன், உனக்குத் தெரியும். அதில் ஒரு தடவைகூட எந்த கீப்பருக்கும் நான் பந்தை விட்டதில்லை. யார் கத்தினாலும் முந்திக்கொண்டு அடித்து வெளியே தள்ளினேன். என் சொந்த கீப்பர்கள் மேலேயே போய் மோதியிருக்கிறேன். எந்தப் பந்தையும் விடாதவள் என்று என்னைப் பாராட்டினார்கள். எனக்குப் பயமாக இருந்தது, லூர்து. அதைப் போய்ப் பாராட்டினார்கள்.

இப்போதும் பள்ளிக்கூட கிரவுண்டில் பின்னாலிருந்து எவளாவது கத்தினால் என் உடம்பு குறுகுகிறது. காதுக்குள்ளேயே இருக்கிறது, விடடி, விடடி என்று. அதை நீ சொல்லவே இல்லை என்கிறாய். அப்படியென்றால் எனக்குப் பைத்தியமா?

வள்ளிக்கண்ணு


கரக்பூர்
15 ஜூலை 2025

கண்ணு,

நன்றாகத் திட்டினாய். 'நீ' என்று திட்டினாய், அதற்கே உனக்கு ஒரு கும்பிடு.

இப்போது கோபப்படாமல் ஒன்று சொல். 'விடடி' என்று எழுதியிருக்கிறாயே, அது கை தவறி எழுதியதா? நம் ஊரில் 'விடுடி' என்போம். டு-வுக்கு ஒரு சுழி உண்டு. முதலில் படித்தபோது, பத்தாம் வகுப்பில் தமிழ் இரண்டாம் தாளில் நீ வாங்கிய மார்க் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அப்புறம் திரும்பப் படித்தேன். எழுதிய இடத்தில் எல்லாம் சுழி இல்லாமல்தான் எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில் 'ரெண்டு', 'பேண்டு' எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

நீ காதில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறாயா, கண்ணு?

இன்னொன்றையும் யோசித்துப் பார். அறையில் ஆயிரம் 'டி' போடுவேன். மைதானத்தில் போட்டதே இல்லை. 'விடு கண்ணு', அதுதான் நம் ஏற்பாடு. மற்றவளை விடச் சொன்னால் நீ குழம்பிவிடக் கூடாது என்று பெயரோடு கத்தச் சொன்னதே நீதான். அன்றைக்கு உனக்குக் கேட்டதில் 'கண்ணு' இருந்ததா?

கோச்சிடம் நீ என்ன சொன்னாய்? "ஷி செட் லீவ், சார்." நான் என்ன சொன்னேன்? "நோ சார்." இங்கிலீஷில் சொன்னதால் 'விடு கண்ணு'வும் 'விடடி'யும் ஒன்றாகிவிட்டது. உன் காதில் தமிழில் சரியாக என்ன விழுந்தது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீ பொய் சொல்கிறாய் என்று எனக்குக் கோபம், நான் பொய் சொல்கிறேன் என்று உனக்குக் கோபம். அந்த வார்த்தையை நீ எனக்குத் தமிழில் சொல்வது இதுதான் முதல் தடவை.

உனக்குப் பைத்தியம் இல்லை. யாரோ கத்தியிருக்கிறார்கள், பேண்டு சத்தத்தில் கோட்டில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. அன்றைய இந்தியா டீமில் நம் இரண்டு பேரைத் தவிரத் தமிழ் தெரிந்தவர்கள் கிடையாது. அப்படியிருக்க யார் என்றுதான் எனக்கும் விளங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டுப் பார். சுழி இருந்ததா, இல்லையா?

லூர்து


ஸ்ரீரங்கம்
30.7.2025

லூர்து,

சுழி இல்லை. 'கண்ணு'வும் இல்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒப்புக்கொள்ள மனசு வராமல் கடிதத்தை அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருந்தேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் நவநீதனோடு ரங்கா ரங்கா கோபுரத்துக்கிட்டப் பூ வாங்கப் போனேன். அவர் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் பூக்கடையைப் பார்த்தபடி நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "விடடி!"

லூர்து, நான் குனிந்துவிட்டேன். நடுத்தெருவில், இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு, தலைக்கு மேலே பந்து போகிற மாதிரி குனிந்துவிட்டேன். பூக்காரம்மா பதறிப்போய் "என்னாச்சு டீச்சர்?" என்கிறார். நவநீதன் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று ஓடிவருகிறார்.

திரும்பிப் பார்த்தால் அக்கா தங்கை மாதிரி ரெண்டு பெண்கள். பெரிய பை ஒன்றை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். "விடடி, நான் தூக்கிறன். உனக்குக் கை நோகும்" என்கிறாள் பெரியவள். நான் நேரே போய், "நீங்க எந்த ஊருங்க?" என்றேன்.

"யாழ்ப்பாணம். கொழும்பில இருந்து இண்டைக்குத்தான் வந்தனாங்கள்" என்றாள்.

"இப்ப சொன்னீங்களே, தங்கச்சிகிட்ட. அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னத்தை? விடடி எண்டதையோ?"

"ஆமாங்க. கொஞ்சம் சத்தமா."

பாவம், ஒன்றும் புரியாமல் சொன்னாள். அப்புறம் தங்கையைச் சொல்லச் சொன்னேன். "நாங்கள் இப்பிடித்தான் அக்கா கதைக்கிறது" என்று ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன். அவர்கள் பயந்துபோய் எனக்குக் கல்கண்டு கொடுத்து, பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாம் நம்பர், லூர்து. எனக்குப் பின்னால் நீ மட்டுமா நின்றாய்? அவளும்தான் நின்றாள். ஆட்டம் முழுக்க நீ 'விடு கண்ணு, விடு கண்ணு' என்று கத்துவதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் அவள் வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு தடவை கத்திப் பார்த்திருக்கிறாள்.

நம்மைப் போல மக்குகள் உண்டா? நேபாளத்தில் கத்தினோம், ஜோர்டானில் கத்தினோம், சரி. இலங்கைக்குப் போயும் தமிழ் யாருக்கும் தெரியாது என்று கத்தினோமே. சிலோன் யாத்ரீகர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற ஊர் இது. சின்ன வயதிலிருந்து அவர்கள் பேச்சைக் கேட்டுக் கிண்டல் பண்ணியிருக்கிறோம். அந்தப் பச்சை ஜெர்சிக்குள்ளே ஒரு தமிழ்ப் பெண் இருப்பாள் என்று நமக்கு உறைக்கவே இல்லை.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் அதைச் சொல்லிச் சொல்லியே ஆயுசுக்கும் ஆடுவாய். ஆகஸ்டில் வா, நவநீதன் காபி போடுவார்.

அந்த வரி இனி வேண்டாம். அதற்குப் பதிலாக எனக்கு ஒன்று வேண்டும். காட்சிப் போட்டியில் எப்படியும் ஒரு கிராஸ் வரும். அப்போது நீ கத்து. பெயர் போட்டுக் கத்து. எனக்கு ஒரே ஒரு தடவை பந்தை விட்டுப் பார்க்க வேண்டும். முடியுமா என்று தெரியவில்லை.

கண்ணு


கரக்பூர்
6 ஆகஸ்ட் 2025

என் தங்கமே,

ஆபீஸில் வைத்துப் படித்தேன். குனிந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன், கல்கண்டு இடத்தில் அழுதேன். பக்கத்து சீட் வங்காளி அம்மா, ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

எதிராளி அப்படி ஏமாற்றிக் கத்துவது ஃபவுல். ஜப்பான்காரர் ரெஃப்ரீ, அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அந்த கோல் செல்லாது. இதையெல்லாம் எழுதி எங்காவது அனுப்பலாமா என்று முதல் நாள் குதித்தேன். அடுத்த நாள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நம் தந்திரத்தை எடுத்து நமக்கே விற்றிருக்கிறாள், கெட்டிக்காரி. என்றைக்காவது அவளைப் பார்த்தால் ஒரு குட்டு வைத்துவிட்டு ஒரு டீயும் வாங்கிக் கொடுக்க வேண்டும். நீ என்ன சொல்கிறாய்?

மலரில் இப்படி முடித்திருக்கிறேன். 'கொழும்பில் வள்ளிக்கண்ணு ஏன் குனிந்தாள் என்று பலர் கேட்கிறார்கள். பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல் விடச் சொன்னது. அது என் குரல் என்று நம்பிப் பந்தை விட்டாள். என்னை அவ்வளவு நம்பியவள் என் வாழ்க்கையில் வேறு யாரும் இல்லை.' அழகிரி சார் இரண்டு தடவை படித்தார். பிறகு "அப்படியே போடறேம்மா" என்றார்.

கத்துகிறேன். தொண்டை இன்னும் நன்றாக இருக்கிறது. முழங்காலுக்குத்தான் உத்தரவாதம் இல்லை.

லூர்து


ஸ்ரீரங்கம்
5.9.2025

அடி லூர்து,

அன்றைக்கு ஸ்டேடியத்தில் உன்னோடு பேச முடிந்ததா? ஒரு பக்கம் பொன்னாடை, ஒரு பக்கம் செல்ஃபி, நடுவில் உன் அம்மாவுடைய டிபன் கேரியர். அதனால் எழுதுகிறேன். எழுதினால்தான் நீ குறுக்கே பேச மாட்டாய்.

மேடையில் உன் கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படித்தார்களே, அப்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்ததும் தெரியும். நன்றாக எழுதியிருக்கிறாய். ஜெர்சியை மட்டும் கடைசி வரைக்கும் நீ திருத்தவில்லை.

ஆட்டத்துக்கு வருகிறேன். அந்த மாவட்டப் பெண் இடது ஓரத்திலிருந்து கிராஸ் போட்டாள். நல்ல பந்து. என் கால் பழைய புத்தியில் எம்பத்தான் பார்த்தது. பின்னாலிருந்து நீ கத்தினாய் பார், "விடு கண்ணூ" என்று. மெயின்கார்டுகேட் வரைக்கும் கேட்டிருக்கும். உடம்பு முழுக்க அடி அடி என்கிறது, காது மட்டும் விடு என்கிறது. ஒரு நொடி உயிர் போய் உயிர் வந்தது. அப்புறம் குனிந்தேன். திரும்பிப் பார்க்காமல் குனிந்தேன், லூர்து. பன்னிரண்டு வருஷமாக என் கழுத்தில் ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டே இருந்தது, அந்த நொடியில் அது போய்விட்டது.

பந்து உன் கைக்குத்தான் வந்தது. நேராக வந்தது. சின்னப் பிள்ளைகூடப் பிடிக்கும். நீ அதைப் பிடித்து, நழுவவிட்டு, உன் கால் நடுவிலேயே உருட்டிக் கோட்டைத் தாண்ட வைத்தாய்.

அழகிரி சார் தலையில் கை வைத்துக்கொண்டார். நீ குப்புறக் கிடந்தபடி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய், கோவிலில் உடைத்த தேங்காய் அழுகலாய்ப் போனவள் முகத்தோடு. எனக்கு எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்ததோ. புல்லில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்கவே முடியவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, கொஞ்சம்கூட வரவில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல நினைத்தேன், கூட்டத்தில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் ஊர்ப் பேப்பரில் 'மீண்டும் விட்டார் வள்ளிக்கண்ணு' என்று போட்டோவோடு போட்டிருக்கிறார்கள். வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் இதை அவரே டீக்கடையில் சத்தமாகப் படித்திருப்பார்.

என் மாணவிகள் அன்றைக்குக் கூட்டமாக வந்திருந்தார்கள். இப்போது கிரவுண்டில் பந்து வந்தால் ஆளுக்கு ஆள் 'விடு கண்ணு' என்று கத்துகிறார்கள். டீச்சர் பெயரைச் சொல்கிறோம் என்ற பயம் எவளுக்கும் இல்லை. நான் முறைக்கிற மாதிரி முறைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறேன்.

நீ கரக்பூர் போய்ச் சேர்ந்துவிட்டதாக நவநீதன் போனில்தான் தகவல் சொன்னாயாம். எனக்கு ஏன் அடிக்கவில்லை என்று நேற்று முழுக்க உன்மேல் ஆத்திரமாக இருந்தது. காலையில்தான் உறைத்தது, என் போனில் நீ இன்னும் பிளாக்கிலேயே இருக்கிறாய்.

எடுத்துவிட்டேன். இனிமேல் கூப்பிடு.

கண்ணு